திருத்தி நீண்டுபோன கதையை மறுபடி யாரிடம் கொடுப்பது?

கேள்வியைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். 1800 சொல்லில் ஒரு சிறுகதை எழுதி, கதை எழுதுகிறவர்கள் நாற்பது பேர் இருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறீர்கள். பதினோரு பேர் கருத்துச் சொன்னார்கள். அதையெல்லாம் வைத்துக்கொண்டு இரண்டு மாதம் உட்கார்ந்து திருத்தியதில் கதை 6200 சொல் ஆகிவிட்டது. திருத்தியதை அதே குழுவில் போட்டால் இரண்டே பேர்தான் வாய் திறந்தார்கள், அதிலும் ஒருவர் "முன்னாடி இருந்ததே நல்லா இருந்துச்சு" என்று ஒரு வரியில் முடித்துக்கொண்டார். இனி பகுதி பகுதியாகப் பிரித்துப் போடுவதா, வேறு இடத்துக்கு எடுத்துப் போவதா, இல்லை பேசாமல் பத்திரிகைக்கே அனுப்பிவிடுவதா என்று கேட்கிறீர்கள்.

மற்ற ஒன்பது பேர் ஏன் பேசவில்லை என்பதிலிருந்து தொடங்குகிறேன். கதை கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து அவர்கள் ஒதுங்கியிருக்க வாய்ப்புக் குறைவு, பாதிப் பேர் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். 1800 சொல் என்றால் பஸ்ஸுக்கு நிற்கும் நேரத்தில் படித்துவிடலாம். 6200 சொல்லைக் குறிப்பெடுத்தபடி படிக்க எனக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அப்புறம் உருப்படியாக நாலு வரி எழுத இன்னும் ஒரு அரைமணி. அதுவும் தமிழ்ச் சொல்லுக்கு எடை கூட. "வீட்டிலிருந்துதான்" என்று நாம் ஒரே சொல்லில் முடிப்பதை ஆங்கிலத்தில் சொல்ல மூன்று நான்கு சொல் வேண்டும். ஹியூகோ, நெபுலா மாதிரியான அறிவியல் புனைவு விருதுகளில் 7500 சொல்லுக்குள் இருந்தால் சிறுகதை, அதற்கு மேல் 17,500 வரை ஒரு பிரிவு, அதற்கும் மேல் 40,000 வரை இன்னொரு பிரிவு என்று கோடு கிழித்து வைத்திருக்கிறார்கள். அந்தக் கோட்டைப் பார்த்து, நம்முடையது இன்னும் சிறுகதைதானே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். தமிழில் 6200 என்பது படிக்கிறவன் கண்ணுக்கு அந்தக் கோட்டையும் தாண்டிய நீளம். இத்தனைக்கும் முகநூலில் ஒரே பதிவில் 63,000 எழுத்துக்கு மேல் போடலாம், உங்கள் கதை முழுசாகவே அதில் அடங்கிவிடும் என்று நினைக்கிறேன். படிக்கிறவனுக்குத்தான் இடம் போதாது.

இது ஒரு காரணம். இன்னொன்றுதான் முக்கியம்: அவர்கள் அந்தக் கதையை ஏற்கெனவே படித்துவிட்டார்கள். உங்கள் கதையில் கிணற்றைத் தூர்த்த அன்று ராத்திரி ஆச்சி என்ன செய்தாள் என்பது அவர்களுக்குத் தெரியும் (உங்கள் கதையின் முடிவை இங்கே சொல்லமாட்டேன், பயப்படாதீர்கள்). ஒரு ஆளிடம் ஒரு கதைக்கு ஒரே ஒரு முதல் வாசிப்புதான் இருக்கிறது. அதைச் செலவழித்தால் செலவழித்ததுதான். இரண்டாவது முறை அவர் கதையைப் படிப்பதில்லை, இரண்டு பிரதிகளை ஒப்பிட்டுப் பார்க்கிறார். "முன்னாடி இருந்ததே நல்லா இருந்துச்சு" என்பதில் எவ்வளவு உண்மை இருக்கிறது, எவ்வளவு பழக்கதோஷம் என்று உங்களாலும் சொல்ல முடியாது, சொன்னவராலும் முடியாது. நாற்பது பேர் கைவசம் இருந்தும், முதல் வரைவைக் கொண்டுபோய் நாற்பது பேர் முன்னாலும் கொட்டினீர்கள் பாருங்கள், அங்கேதான் சறுக்கல். எல்லோரும் செய்வதுதான், நானும் செய்திருக்கிறேன். அடுத்த கதைக்கு ஐந்து பேரிடம் மட்டும் கொடுங்கள். மிச்சம் முப்பத்தைந்து பேர் கதை தெரியாத ஆட்களாக இருக்கட்டும், பிறகு தேவைப்படுவார்கள்.

இப்போது அந்த 4400 சொல்லுக்கு வருவோம். நீங்கள் கதையை அனுப்பவில்லை, ஆனால் அது எப்படி வளர்ந்தது என்று எழுதியிருக்கிறீர்கள்: ஒருவர் கிணற்றை ஏன் தூர்த்தார்கள் என்று கேட்டார், அதற்கு ஒரு அத்தியாயம், ஒருவர் ஆச்சியின் மூத்த மகன் எங்கே போனான் என்று கேட்டார், அதற்கு ஒரு அத்தியாயம். படிக்கும்போதே எனக்குப் பழைய வலி வந்துவிட்டது.

பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் ஒரு கதை எழுதினேன். ஒரு பெண், தன் பிள்ளையின் காலேஜ் ஃபீஸுக்காகத் தன் தோட்டைக் கழற்றி அடகு வைக்கப் போகிறாள், கடையில் உட்கார்ந்திருக்கும் அரை மணி நேரம்தான் கதை. ஒன்பது பக்கம். ஒரு நண்பர் படித்துவிட்டு, "ஏன் அவ அண்ணன்கிட்ட கேக்கல?" என்றார். நியாயம்தானே என்று அண்ணனுக்கும் அவளுக்கும் சொத்துத் தகராறு என்று மூன்று பக்கம் எழுதிச் சேர்த்தேன். இன்னொருவர் புருஷன் என்ன செய்கிறான் என்றார், அவனுக்கு ஒரு நெசவு ஆலையும் கதவடைப்பும் வந்து சேர்ந்தது. அடகுக்கடைக்காரருக்குக்கூட ஒரு இளமைக்காலம் எழுதினேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இருபத்தொரு பக்கம். அதைப் படித்த ஒரு பெரியவர், அச்சகத்தில் ரொம்ப வருஷம் பிழைதிருத்துநராக இருந்தவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "முன்னாடி கதையா இருந்துச்சு தம்பி, இப்ப வாக்குமூலமா இருக்கு."

ஒரு வாரம் தூக்கம் வரவில்லை. அப்புறம் பழைய ஒன்பது பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு, அண்ணனிடம் ஏன் கேட்கவில்லை என்ற கேள்வி எந்த இடத்தில் முளைத்திருக்கும் என்று தேடினேன். இரண்டாவது பத்தியிலேயே இருந்தது. போன மாசம் அண்ணன் புதுக் காரில் கல்யாணத்துக்கு வந்திறங்கினான் என்று நான்தான் போகிறபோக்கில் எழுதி வைத்திருந்தேன். காரில் வருகிற அண்ணன் இருக்கும்போது தோட்டை ஏன் கழற்றுகிறாள் என்று யார்தான் கேட்கமாட்டார்கள்? அந்தக் காரை எடுத்துவிட்டு, டவுன் பஸ்ஸில் வியர்த்து வழிய வந்தான் என்று மாற்றினேன். மூன்று பக்கம் பதில் சொன்ன கேள்விக்கு நாலைந்து சொல் போதுமாக இருந்தது, அதற்குப் பிறகு ஒருவர்கூட அண்ணனைப் பற்றிக் கேட்கவில்லை.

வாசகர் ஒரு இடத்தில் தடுக்கி விழுந்தால் கல் அநேகமாக அதற்கு முன்னால், இரண்டு பக்கம் தள்ளிக் கிடக்கும். அவர் விழுந்த இடத்தைச் சொல்கிறார், அது உண்மை, அதை நம்புங்கள். அந்த இடத்தில் இன்ன பாலம் கட்டு என்று சொல்வதை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆகவே மறுபடி யாரிடமாவது கொடுப்பதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். திருத்திய பிரதியில் புதிதாகச் சேர்ந்த பகுதிகளுக்கு மட்டும் வேறு நிறம் கொடுங்கள். கையால் செய்யவேண்டாம், வேர்டிலும் லிப்ரே ஆபீஸிலும் இரண்டு கோப்புகளை ஒப்பிட்டு வித்தியாசத்தைக் காட்டும் வசதி இருக்கிறது. நிறம் மாறிய ஒவ்வொரு துண்டையும் பார்த்து, இது யாருடைய கேள்விக்குப் பதில் என்று ஓரத்தில் எழுதுங்கள். ஆள் பெயர் சட்டென்று நினைவுக்கு வந்தால் அந்தத் துண்டைச் சந்தேகப்படுங்கள். யாருடைய பெயரும் வராமல், எழுதும்போது அதுவாக வந்தது என்று தோன்றுகிற துண்டுகள் சில இருக்கும். நீளம் நியாயம் என்றால் அது அவற்றுக்காகத்தான். என் கணிப்பில் 6200 என்பது 4000 சொல்லுக்குப் பக்கத்தில் இறங்கும், இறங்காமலும் போகலாம். சில கதைகள் உண்மையிலேயே குறுநாவலாக ஆசைப்பட்டு முதலில் சிறுகதையாக வந்து நிற்கும், அவற்றை அடக்கவும் கூடாது.

அடுத்தது, யாரிடம் கொடுப்பது. பழைய பதினோரு பேரில் இரண்டு பேரைத் தேர்ந்தெடுங்கள், இரண்டு போதும். பாராட்டியவர்கள் வேண்டாம். முதல் வரைவில் ஒரு குறிப்பிட்ட இடத்தைக் காட்டி, இங்கே எனக்கு ஒட்டவில்லை என்று சொன்னவர் யாரோ அவர். அவரிடம் வெளிப்படையாக, இது திருத்திய பிரதி, நீங்கள் சொன்ன இடம் இப்போது சரியாகியிருக்கிறதா, வேறெங்காவது ஆட்டம் கண்டிருக்கிறதா என்று கேளுங்கள். இவர்களுக்கு என்னென்ன மாறியது என்று ஐந்து வரிக் குறிப்புக் கொடுக்கலாம். மூன்று பேர் புதியவர்கள், கதையை இதற்கு முன் பார்த்தே இராதவர்கள். இவர்களுக்கு எந்தக் குறிப்பும் தரக்கூடாது. "இது என் ஆச்சி கதை, ரெண்டு மாசமா திருத்தினது, போன தடவை முடிவு புரியலைன்னு சொன்னாங்க" என்று நீங்கள் ஒரு வரி சொல்லிவிட்டால் அவர்கள் முடிவைத்தான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார்கள். பழைய பிரதியும் அவர்கள் கண்ணில் படக்கூடாது.

ஐந்து பேருக்கும் தனித்தனிப் பிரதி. கூகுள் டாக்ஸில் ஒரே கோப்பைப் பகிர்ந்து எல்லோரையும் அதிலேயே ஓரக்குறிப்பு எழுதச் சொல்வது வசதிதான், ஆனால் முதலில் வருகிறவர் ஒரு பத்தியைக் குற்றம் சொல்லிவிட்டால் பின்னால் வருகிற நாலு பேரும் அங்கேயே மொய்ப்பார்கள். ஐந்து பேர் தனித்தனியாக ஒரே இடத்தைக் காட்டினால் அதற்கு மதிப்பு இருக்கிறது, ஒருவர் சொன்னதற்கு நாலு பேர் ஆமாம் போட்டால் அது ஒரு கருத்துதான். கோப்பை ஐந்தாக நகலெடுக்க ஒரு நிமிஷம் ஆகும், அவ்வளவே. பெயரில் தேதியைப் போட்டுவையுங்கள், "கதை இறுதி", "கதை இறுதி புதுசு", "கதை இறுதி இதான்" என்று வைத்துவிட்டுப் பிறகு தலையில் அடித்துக்கொள்ளாதீர்கள். பிடிஎஃப்பாக அனுப்பாதீர்கள், நம் ஆட்களில் பெரும்பாலோர் படிப்பது போனில், ஏ4 பக்கத்தை விரலால் விரித்து விரித்துப் பார்ப்பதற்குள் ஆச்சி மேலேயே எரிச்சல் வந்துவிடும். பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் அடிக்கும் பழக்கம் இருந்தால் யூனிகோடுக்கு மாற்றி அனுப்புங்கள், இல்லையென்றால் அந்தப் பக்கம் கட்டமும் கிறுக்கலுமாகத்தான் போய்ச் சேரும்.

பிரித்துப் போடலாமா என்ற கேள்வி. கூடாது என்பேன், குறைந்தபட்சம் இந்த நீளத்துக்குக் கூடாது. நாம் வாரப் பத்திரிகைத் தொடர்கதையில் வளர்ந்த ஆட்கள். ஒரு கதையை மூன்றாக வெட்டி வாரம் ஒன்றாகப் போட்டால் படிக்கிறவருக்குத் தொடர்கதைப் புத்தி வந்துவிடும்: "அடுத்து என்ன? சீக்கிரம் போடுங்க" என்பார்கள், அல்லது முதல் பகுதி சப்பென்று முடிகிறது என்பார்கள். முதல் பகுதி எங்கேயும் முடியவில்லை, நீங்கள்தான் வெட்டினீர்கள். அதைவிட மோசம், நீங்களும் உங்களை அறியாமல் வெட்டு விழும் இடங்களில் ஒரு அதிர்ச்சியைக் கொண்டுவந்து செருக ஆரம்பிப்பீர்கள். பிரதிலிபி போன்ற தளங்களில் தொடராக எழுதுவது தனி வித்தை, அதற்கென்று வாசகர்கள் இருக்கிறார்கள், அங்கே அது பலிக்கும். ஆனால் அங்கே வரும் நட்சத்திரமும் "சூப்பர் சிஸ்"ஸும் வாசகர் ஆதரவுதான், விமர்சனம் என்று நம்பி அதை வைத்துத் திருத்த உட்காராதீர்கள். ஒரே மூச்சில் படிக்க எழுதிய கதையை ஒரே மூச்சில்தான் சோதிக்க முடியும். ஆகவே முழுசாகக் கொடுங்கள், பத்து நாள் அவகாசம் கொடுங்கள், ஞாயிற்றுக்கிழமை இரண்டு உள்ளே வருகிற மாதிரி.

நாவல் என்றால் கணக்கு வேறு. அங்கே அத்தியாயம் அத்தியாயமாகக் கொடுப்பதைத் தவிர்க்க முடியாது, ஆனால் அப்படிக் கொடுத்தால் வாக்கியத்தைப் பற்றிய கருத்து கிடைக்கும், கட்டுமானத்தைப் பற்றிக் கிடைக்காது. அதற்காகவே 1995 முதல் நடக்கும் க்ரிட்டர்ஸ் என்ற ஆங்கில விமர்சனப் பட்டறையில், முழு நாவலையும் படிக்க ஒப்புக்கொள்ளும் வாசகர்களைத் தனியாகக் கேட்டுப் பெறும் ஏற்பாடு வைத்திருக்கிறார்கள்.

என்ன கேட்பது என்பதற்கு எனக்கு வழக்கமான நாலு கேள்வி உண்டு. எந்த இடத்தில் கதையை விட்டுவிட்டு வேறு எதையாவது பார்க்கப் போனீர்கள்? எந்த இடத்தில் புரியாமல் திரும்பப் போய்ப் படித்தீர்கள்? கதையில் யாருக்கு யார் என்ன உறவு என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். கடைசியில் என்ன நடந்தது என்று சொல்லுங்கள். இவ்வளவுதான். "எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்கவே கேட்காதீர்கள், தமிழ்நாட்டில் அந்தக் கேள்விக்கு நல்லா இருக்கு என்பதைத் தவிர வேறு மரியாதையான பதில் கிடையாது. உறவு முறைக் கேள்வி சிரிப்பாகத் தெரியலாம், ஆனால் நம் கதைகளில் சித்தி, மதினி, அத்தான் என்று பெயரில்லாமலே ஆட்கள் நடமாடுவார்கள், நீளம் கூடக்கூட வாசகர் ஒருத்தியை இன்னொருத்தியாக எண்ணிக்கொண்டே கடைசிவரை போய்விடுவார், வெளியே சொல்லவும் மாட்டார்.

ஒற்று பற்றி ஒரு புலம்பல். எந்தக் குழுவாக இருந்தாலும் இரண்டு பேர் இருப்பார்கள், கதையில் ஒருத்தி செத்துப்போயிருப்பாள், அவர்கள் "வலி மிகுமா மிகாதா" என்று பேசிக்கொண்டிருப்பார்கள். அந்த உழைப்பு வீண் இல்லை, கடைசியில் கட்டாயம் வேண்டும். ஆனால் இப்போதே வெட்டப்போகிற பத்தியில் ஒற்றுத் திருத்துவது, இடிக்கப்போகிற சுவருக்கு வெள்ளையடிக்கிற கதை. அனுப்பும்போதே "ஒற்று இன்னும் பார்க்கவில்லை, அதை விட்டுவிடுங்கள்" என்று எழுதிவிடுங்கள். அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பாதீர்கள், ரகரம் றகரம் மாறிக்கிடந்தால் எனக்கே படிக்க ஓடாது.

வட்டார வழக்கில் இதைவிடப் பெரிய பள்ளம் இருக்கிறது. யாழ்ப்பாணத்துத் தோழி ஒருவர் தன் ஊர்ப் பேச்சில் அருமையான ஒரு கதை எழுதினார். படித்தவர்கள் எல்லோரும் இந்தப் பக்கத்து ஆட்கள், "பேந்து" (பிறகு) என்றால் என்ன, "வடிவா" (அழகாக) என்றால் என்ன என்று கேள்வி கேட்க, அவர் பாவம், உரையாடலுக்குப் பக்கத்திலேயே பொருளும் வருகிற மாதிரி வாக்கியங்களை இழுத்து இழுத்துக் கதையை ஒன்றரை மடங்கு ஆக்கிவிட்டார். அந்த ஊர்க்காரர் யாரும் தங்களுக்குள் அப்படி விளக்கிப் பேசிக்கொள்ள மாட்டார்கள். உங்கள் கதை நெல்லைப் பேச்சு என்கிறீர்கள், அப்படியானால் ஐந்து பேரில் ஒருவராவது அந்தப் பேச்சில் வளர்ந்தவராக இருக்கட்டும், ஒருவராவது அதைக் கேட்டே இராதவராக இருக்கட்டும். முதலாமவர் பொய்யைப் பிடிப்பார். இரண்டாமவருக்கு ஒவ்வொரு சொல்லும் தெரியவேண்டிய அவசியமில்லை, கதை தெரிந்தால் போதும்.

சரி, இந்த ஐந்து பேர் உங்களுக்காக ஏன் இரண்டு மணி நேரம் செலவழிக்க வேண்டும்? நம் பக்கத்தில் நடப்பது பெரும்பாலும் மொய்தான். நீ என் கதைக்கு "அருமை" எழுதினாய், நான் உன் கதைக்கு "மிக அருமை" எழுதுகிறேன், மொய் நோட்டு சரியாகிவிட்டது, கதையை யார் படித்தார்கள் என்று கேட்கக்கூடாது. ஆங்கிலக் குழுக்களிலும் நோட்டு உண்டு, ஆனால் வாசிப்பைத்தான் அதில் எழுதுகிறார்கள். க்ரிட்டர்ஸில் முக்கால்வாசி வாரங்களில் மற்றவர் கதைக்கு விமர்சனம் எழுதியிருந்தால்தான் உங்கள் கதைக்கு முறை வரும். ஸ்க்ரிபோஃபைல், க்ரிட்டிக் சர்க்கிள் என்ற இணையதளங்களிலும் மற்றவர்களுக்கு எழுதிச் சேர்த்த புள்ளிகளைக் கொடுத்துத்தான் உங்கள் கதையைப் போட முடியும். ரெட்டிட்டில் டிஸ்ட்ரக்டிவ் ரீடர்ஸ் என்று ஒரு கூட்டம், அங்கே நீங்கள் எத்தனை சொல் போடுகிறீர்களோ குறைந்தது அத்தனை சொல் அளவுக்கான அடுத்தவர் கதைகளைப் படித்து விமர்சித்திருக்க வேண்டும், மேலோட்டமாக எழுதினால் கணக்கில் சேர்க்கமாட்டார்கள். கறாராகத் தெரியும், ஆனால் நீளக் கதைக்கு வாசகர் கிடைக்க இதைவிட ஒழுங்கான வழி எனக்குத் தெரியவில்லை. உங்கள் குழுவில் சட்டம் போட முடியாது, நீங்களே உங்களுக்குப் போட்டுக்கொள்ளலாம்: 6000 சொல் கொடுப்பதற்கு முன்னால் யாருடைய 6000 சொல்லையாவது உட்கார்ந்து படித்து ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். நீளமாக எழுதுகிறவர்கள் எல்லோரும் உங்களைப் போலத்தான் யாராவது படிக்கமாட்டார்களா என்று உட்கார்ந்திருப்பார்கள். கடனைத் திருப்பித் தருவார்கள், பெரும்பாலும்.

அடுத்தவர் கதையைப் படிப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. அவர் யாரோ கேட்ட கேள்விக்கு இரண்டு பக்கம் பதில் சொல்லியிருப்பது உங்கள் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும். உங்களுடையதில் தெரியாது.

கருத்துகள் வர ஆரம்பித்ததும் பதில் சொல்லாதீர்கள். மில்ஃபோர்ட் முறை என்று ஒன்று உண்டு, 1956இல் அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்து மில்ஃபோர்டில் அறிவியல் புனைகதை எழுத்தாளர்கள் கூடி ஆரம்பித்த பட்டறையிலிருந்து வந்தது, பிறகு 1968இல் தொடங்கிய க்ளாரியன் பட்டறை வழியாகப் பரவியது. வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவராகப் பேசுவார்கள், கதை எழுதியவர் எல்லோரும் முடிக்கும்வரை வாயைத் திறக்கக்கூடாது. இப்போது அந்தக் கட்டாய மௌனத்தைக் குறை சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், அறையில் மற்ற எல்லோரும் ஒரே மாதிரிப் பின்னணியிலிருந்து வந்திருந்தால், வேறு பின்னணிக்காரர் ஒருவர், தன் வாழ்க்கையைப் பற்றி அவர்கள் அபத்தமாகப் பேசுவதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க வேண்டியிருக்கிறது என்று. அதில் நியாயம் உண்டு, மேலே சொன்ன "பேந்து" விவகாரமே அதற்குச் சாட்சி. ஆனால் வாட்ஸ்அப்பில் நமக்கு இருப்பது நேர்மாறான நோய். ஒருவர் "மகன் ஏன் வரவில்லை என்று புரியவில்லை" என்று எழுதி முடிப்பதற்குள் எழுதியவர் ஏழு குரல்பதிவு அனுப்பி விளக்கிவிடுவார், அத்தோடு அடுத்தவர் படித்துச் சொல்லும் வாய்ப்பும் போச்சு. புத்தகம் வாங்குகிறவர் வீட்டுக்கெல்லாம் குரல்பதிவு அனுப்ப முடியாது. "படித்ததற்கு நன்றி, யோசிக்கிறேன்" என்று மட்டும் எழுதிவிட்டுக் கருத்துகளை ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். சேர்த்து வையுங்கள் என்று சும்மா சொல்லவில்லை. மரத்தடி, ராயர் காபி கிளப் என்று யாகூவின் மின்னஞ்சல் குழுமங்களில் தமிழ் ஆட்கள் கதை பேசிய காலம் ஒன்று இருந்தது, யாகூ குழுமங்கள் 2020 டிசம்பரில் மூடப்பட்டன, பழைய மடல்கள் அதற்கு முன்பே போய்விட்டன. என் முதல் கதைகளுக்கு மடல் வழியாக வந்த விமர்சனங்கள் ஒன்றுகூட என்னிடம் இல்லை. நகல் எடுக்கச் சோம்பல், வேறென்ன.

ஐந்து பேர் குறிப்பும் வந்தபிறகு இரண்டு வாரம் தொடாதீர்கள். பிறகு பார்க்கும்போது, ஒரே பத்தியை ஒருவர் பிரமாதம் என்றும் இன்னொருவர் வெட்டிவிடு என்றும் சொல்லியிருந்தால் குழம்ப வேண்டாம், அந்தப் பத்தியில் உயிர் இருக்கிறது, முன்பின்தான் சரியில்லை என்று நான் எடுத்துக்கொள்வேன். யாருமே எதுவுமே சொல்லாத இரண்டு மூன்று பக்கம் ஒன்று இருக்கும், எனக்கு அதைக் கண்டால்தான் கவலை. நீண்ட கதைகளில் செத்த பகுதி அங்கேதான் இருக்கும், தூங்கியவர் தூங்கினேன் என்று எழுதமாட்டார்.

இதற்குமேல் இன்னொரு சுற்று வேண்டாம். இன்னொரு முறையும் ஆட்களிடம் கொடுத்தால் எல்லோருக்கும் பிடித்தமாதிரி, யாருடையதுமில்லாத ஒரு கதை கையில் இருக்கும். அடுத்த வாசிப்பு உங்களுடையது, கதவைச் சாத்திக்கொண்டு வாய்விட்டுப் படியுங்கள். நெல்லைப் பேச்சு வாயில் வரும்போது எங்கே இடறுகிறதோ அங்கே பென்சிலால் ஒரு கோடு.

பத்திரிகைக்கு அனுப்புவது பற்றி ஒன்றே ஒன்று, ஆனால் இதைத் தவறவிட்டால் வருத்தப்படுவீர்கள். நம் சிறுகதைப் போட்டி அறிவிப்புகள் பலவற்றில் அச்சிலோ இணையத்திலோ முகநூலிலோ இதற்கு முன் வெளிவராத கதையாக இருக்க வேண்டும் என்று எழுதியிருப்பார்கள். கருத்துக் கேட்பதற்காகத்தான் முகநூலில் போட்டேன் என்று சொன்னால் செல்லாது, எல்லோருக்கும் தெரிகிறமாதிரிப் போட்டால் அது பிரசுரம்தான். அழித்துவிட்டாலும் யாராவது ஸ்க்ரீன்ஷாட் வைத்திருப்பார்கள். உறுப்பினர் மட்டும் பார்க்கும் மூடிய குழுவில் வரைவாகச் சுற்றியதை ஆங்கிலப் பத்திரிகைகள் பொதுவாகப் பிரசுரமாகக் கருதுவதில்லை, நம் ஆசிரியர்களும் பெரும்பாலும் அப்படித்தான், இருந்தாலும் சந்தேகம் இருந்தால் அனுப்பும்போதே ஒரு வரி சொல்லிவிடுவது நல்லது. பின்னால் கிண்டிலில் போடும் எண்ணம் இருந்தாலும் இதே பிரச்சினை வரும், கேடிபி செலக்ட் என்ற அமேசான் திட்டத்தில் சேர்த்தால் அந்த 90 நாளும் மின்வடிவில் வேறெங்கும் புத்தகம் முழுசாகக் கிடைக்கக்கூடாது, உங்கள் வலைப்பூவிலும்தான். ஆகவே நீங்கள் வாட்ஸ்அப் குழுவோடு நிறுத்தியது நல்லதாகப் போயிற்று. அப்புறம், குழுவில் அறிமுகமில்லாத யாராவது "எனக்குத் தனியா அனுப்புங்க, போன்ல விளக்கமா பேசலாம்" என்று உள்பெட்டிக்கு வந்தால், பெண்களுக்கு நான் சொல்வது வேண்டாம் என்பதுதான், ஆண்களுக்கும் அதையே சொல்கிறேன்.

கதை தெரியாத மூன்று பேரில் ஒருவர் குறைந்தால் எனக்கு அனுப்புங்கள். நான் கூட்டுறவு வங்கியில் கணக்கு எழுதுகிறவன், மார்ச் முடியும்வரை தலைதூக்க முடியாது, ஏப்ரல் பத்துக்கு மேல் அனுப்பினால் இரண்டு ஞாயிற்றுக்கிழமைக்குள் படித்துவிடுவேன். நிறம் போட்ட பிரதி வேண்டாம், வெறும் பிரதி. ஆச்சி என்ன செய்தாள் என்று அதற்குள் யாரும் என்னிடம் சொல்லாமல் பார்த்துக்கொள்கிறேன். நீங்களும் உங்கள் கேள்வியில், முடிவைச் சொல்லிவிடும் அந்தக் கடைசி வரியை அழித்துவிடுங்கள், அதை நான் இன்னும் சரியாகப் படிக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம்.